கடலிலிருந்து பார்த்த பெரிய ரோடு

பெரிய ரோட்டின் வரலாறும் அமைப்பும் என்று தலைப்பு கொடுத்து, நான்கு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த முறை என்னைப் பிடித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நம் வகுப்பிலிருந்து ஆசிரியப் பயிற்சி முடித்தவள் நான். இன்று ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவளும் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பெயரெழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நான்கு பக்கத்தில் முடியாது, தோழிகளே. நீங்கள் நினைக்கிற மாதிரியும் வராது. பிடிக்காவிட்டால் கிழித்துவிடுங்கள். திருத்த மட்டும் வேண்டாம்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியைப் படமாகப் போட்டு வரச் சொன்னார் டீச்சர். நீங்கள் எல்லோரும் மேலிருந்து பருந்து பார்ப்பது மாதிரி இரண்டு கோடு இழுத்து, ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கடைகளை வைத்தீர்கள். நான் தாளின் அடியில் அலை போட்டேன். அலைக்கு மேலே மணல், மணலுக்கு மேலே வரிசையாக மரங்கள். மரங்களுக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கி. தெற்குக் கோடியில் மாதா கோயில் கோபுரம். டீச்சர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, “இவள் நடந்து வருகிறாளா, நீந்தி வருகிறாளா?” என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். மீன் வாசத்துக்காக என்னைவிட்டு நகர்ந்து உட்காருகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தீர்கள். வேடிக்கைக்காக டீச்சர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியும் வைத்தார்.

அந்தப் படத்தில் தப்பு எதுவும் இல்லை. எங்கள் வீட்டு ஆண்கள் பெரிய ரோட்டை அப்படித்தான் பார்த்தார்கள். அவர்கள் அதில் நடந்தது கொஞ்சம். தண்ணீரிலிருந்து பார்த்ததுதான் அதிகம்.

அமைப்பைச் சொல்கிறேன். நான் நடந்த காலத்தில், தெற்கே மணிக்கூண்டுப் பக்கம் ரோடு நெருக்கமாகத் தொடங்கும். டிராம் மணி, ஜட்கா வண்டி, மர வாடிகள். வாடியில் ரம்பம் ஓடும்போது மரத்தூள் மூக்கில் ஏறும். அப்புறம் தெற்கத்திக்காரர்களின் மொத்தக் கடைகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். கருப்பட்டிச் சிப்பமும் மிளகாய் மூட்டையும் வண்டி வண்டியாக இறங்கும். அந்த நூறு அடியைத் தும்மாமல் கடந்தவர்கள் கிடையாது. அதைத் தாண்டி நம் பள்ளிக்கூடம். பிறகு மாடுகள் தண்ணீர் குடிக்கும் கருங்கல் தொட்டி. பிறகு டோல்கேட். குறுக்குக் கட்டை எப்போதோ போய்விட்டது. அது பொருத்தியிருந்த கல் தூண் ஒன்று மட்டும் ரோட்டோரம் நின்றது. அதற்கு வடக்கே இரண்டு பக்கமும் மரங்கள் தலை கோத்துக்கொண்டு, வெயில் காசு காசாகத்தான் கீழே விழும். அங்கே ரோடு மேற்கே ஒரு வளைவு வளையும். வளைவில் ஒரு பெரிய இலவமரம். நாங்கள் பஞ்சு மரம் என்போம். அதன் அடியிலிருந்து கிழக்கே ஒரு சந்து இறங்கி எங்கள் குப்பத்துக்குப் போகும். சந்தின் கடைசியில் கடல் நின்றுகொண்டிருக்கும். ரோடு அதையும் தாண்டி, ஒற்றியூர்க் கோயில், உப்பளம், எண்ணூர் என்று போய்க்கொண்டே இருக்கும். கண்ணைக் கட்டி நடக்கவிட்டாலும் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று மூக்கை வைத்தே சொல்லியிருப்பேன்.

வரலாறு மூன்று விதமாக எனக்குக் கிடைத்தது. உப்பும் சரக்கும் ஏற்றுவதற்காகக் கம்பெனிக்காரர்கள் போட்ட சாலை என்றார் டீச்சர். ஒற்றியூர் சாமியைப் பார்க்கப் போனவர்களின் கால் பட்டு உண்டான பாதை அது, கம்பெனிக்காரன் மேலே ஜல்லி கொட்டியதோடு சரி என்றார் கருப்பட்டிக் கடைக்காரர். அம்மா சொன்னது வேறு. கூடைக்காரிகள் நடக்காவிட்டால் அது ரோடே இல்லை, வெறும் முள்ளு என்றாள். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடிய நாட்களில், நான் ஐந்து வயதுக் குழந்தையாக அந்த வளைவில் நின்று பார்த்திருக்கிறேன். மாட்டு வண்டிமேல் கட்டில், கட்டில்மேல் ஆட்டுக்கல், ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பூனை. மூன்று நாள் ரோடு நிறைய வண்டி. நாங்கள் மட்டும் எங்கும் போகவில்லை. கடலை எந்த வண்டியில் ஏற்றுவது என்று என் அப்பா, நைனா, கேட்டாராம்.

நான் தினமும் அம்மாவோடுதான் ரோடு ஏறுவேன். அவள் தலையில் மீன்கூடை, என் தோளில் பை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். பள்ளிக்கூடம் நெருங்கும்போது நான் கொஞ்சம் முன்னால் ஓடிப்போய்விடலாம் என்று அம்மாவே சொல்லுவாள். நான் ஓடியதில்லை. வாசல்வரைக்கும் கூடைக்குப் பக்கத்தில்தான் நடப்பேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஆண்களின் ரோட்டுக்கு வருகிறேன்.

கடலுக்குள் பாறை இருக்கும் இடத்தை எங்களவர்கள் பாரு என்பார்கள். பாரில்தான் கலவா மீனும் சங்கரா மீனும் கிடைக்கும். தண்ணீர்மேல் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஆகவே கரையைப் பார்ப்பார்கள். பஞ்சு மரத்துக்கு நேர் பின்னால் ஆலைப் புகைபோக்கி போய் மறைந்துகொண்டால் அது ஒரு கோடு. தெற்கே வேறொரு ஜோடிப் பொருள்கள் அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்று மறைந்தால் அது இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைக் கட்டி இறக்கினால் கட்டுமரத்துக்கு நேர் கீழே பாரு. தெற்கே இருக்கும் அந்த ஜோடி எது என்று கேட்காதீர்கள். அதை எழுத மாட்டேன். ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு கடலில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் பாரு நைனாவுக்கும் அவருடைய அண்ணன் பெரியப்பாவுக்கும் சொந்தம். பத்திரம் இல்லாத சொந்தம். வேறு எவருக்கும் தெரியாது என்பதுதான் பத்திரம். அடையாளத்தை மகனுக்கு மட்டும், அதுவும் கடல்மேல் வைத்துத்தான் சொல்லுவார்கள். கரையில் அந்தப் பேச்சே கூடாது. வேறு கட்டுமரம் பக்கத்தில் வந்தால் பெரியப்பா கல்லைத் தூக்கிவிட்டு, கயிறு சிக்கிக்கொண்ட மாதிரி குனிந்து நோண்டிக்கொண்டே இருப்பாராம். கரைக்கு வந்ததும், “எங்க மாமு கெடச்சுது, இவ்ளோ சங்கரா?” என்று குப்பத்தில் கேட்பார்கள். “கடல்ல” என்பார் பெரியப்பா. இருபது வருஷமாக அதே பதில்தான்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பெண். கட்டுமரத்தைத் தாண்டி நடந்தாலே தீட்டு என்று விரட்டுவார்கள். ஆனால் நான் தினமும் பஞ்சு மரத்தடியில் நிற்பவள். ஒரு நாள், மரத்தில் முதுகைச் சாய்த்துச் சந்து வழியாகக் கடலைப் பார்த்தேன். நைனாவின் கட்டுமரப் பாய் நேர் எதிரில் தெரிந்தது. மறுநாளும் அங்கேயே. அடுத்த வாரமும். திரும்பி மேற்கே பார்த்தேன். மரத்துக்கு நேர் பின்னால் புகைபோக்கி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலிலிருந்து ரோட்டைப் பார்த்தே பிழைத்தவர்கள் அவர்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் தாங்களும் தெரிவோம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பத்து வயதில் எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம், பஞ்சு வெடிக்கும் பருவத்தில், ரோட்டுக்காரர்கள் வந்தார்கள். லாரிகள் அதிகமாகிவிட்டன, வளைவை நிமிர்த்தி ரோட்டை அகலம் செய்ய வேண்டுமாம். மரத்தடியில் கூடாரம் அடித்தார்கள். சங்கிலி பிடித்து அளந்தார்கள். சிவப்பும் வெள்ளையும் அடித்த கழிகளைத் தூரம் தூரமாக நட்டு, ஓவர்சியர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கழிக்குப் பின்னால் மற்றதெல்லாம் மறையும்வரை கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நைனா கடலில் செய்வதை இவர் கரையில் செய்கிறார் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வெட்டப்போகும் மரங்களில் சுண்ணாம்பால் குறுக்கே கோடு போட்டார்கள்.

அன்று சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டே அம்மா பொதுவாகச் சொன்னாள். “பஞ்சு மரத்துலயும் சுண்ணாம்பு பூசிட்டானுங்கோ.”

நைனா தூண்டிலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. பெரியப்பா எழுந்து வெளியே போனார். நைனாவும் பின்னால் போனார். வீட்டுக்குப் பின்புறம், வலைக் குவியலுக்கு அந்தப் பக்கம், இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது. மரம் போனால் பாரு போய்விடும் என்றார் பெரியப்பா. மனு கொடுக்கலாம் என்றார் நைனா.

“இன்னான்னு குடுப்ப? ஐயா, எங்க பாரு இங்கதான் கீது, எல்லாரும் வந்து பாத்துக்கங்கன்னா?”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குவியலைச் சுற்றிக்கொண்டு போய், மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன். பாரு என்று எழுத வேண்டாம், புகைபோக்கியைப் பற்றியும் எழுத வேண்டாம், கடலோடிகளுக்கு இந்த மரம் அடையாளம் என்று மட்டும் எழுதலாம் என்றேன்.

புகைபோக்கி என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அவர்கள் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன்.

யார் சொன்னது என்று பெரியப்பா கேட்டார். யாரும் இல்லை, நானே பார்த்தேன் என்றேன். நம்பவில்லை. நைனாவை ஒரு பார்வை பார்த்தார். அது ஆணுக்கு ஆண் செய்த துரோகத்தைத் தேடும் பார்வை. பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது வாயை விட்டாயா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். அப்போது அங்கே வந்த அம்மா, ஒன்றும் தெரியாமல், மகளைப் பெருமையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, இவள் போட்ட ரோட்டுப் படத்தை டீச்சர் சுவரில் ஒட்டியிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

படத்தில் மரமும் புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அதைப் பார்த்து ஒரு மீன்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் பெரியப்பாவுக்கு அது வீட்டுப் பானையைத் தெருவில் கவிழ்த்த மாதிரி.

மறுநாள் அம்மா போய்ப் படத்தை வாங்கி வந்தாள். பெரியப்பா அதை அடுப்பில் வைத்தார். கெட்டித் தாள், சீக்கிரம் பிடிக்கவில்லை. அலைகள்தான் முதலில் சுருண்டன. இனிமேல் இவள் ரோடு ஏற வேண்டாம் என்றார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அதை எழுதாவிட்டால் ஆறாம் வகுப்பு கிடையாது, அந்தப் பள்ளிக்கூடமும் கிடையாது. நைனா தூண்டில் முடிச்சுக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் சொல்லுக்கு எதிர் பேசிப் பழக்கமில்லாதவர். அன்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு முழுசாகத் தீர்ந்தது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

நான் வீட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் தங்கள் வழியில் மரத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். ஒரு விடியற்காலையில் பஞ்சு மரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அடியில் மூன்று செங்கல், குங்குமம், எலுமிச்சம்பழம். மரத்தில் அம்மன் இறங்கியிருக்கிறாள், கை வைத்தால் ரத்தம் கக்குவார்கள் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். கோயில் பக்கமே போகாத மனிதர். குப்பத்துக்காரர்கள் விடுவார்களா. “இன்னா மாமு, ஆத்தா எப்போ எறங்கிச்சு, டிராம்லயா பஸ்லயா?” என்று கேட்டார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

ஒரு அதிகாரி வருவான், அதட்டுவான், நாலு பேர் கத்தினால் பயந்து போய்விடுவான் என்பது அவர் போட்ட திட்டம். வந்த ஓவர்சியர் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கைகட்டி, “அம்மாவுக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டேன். மரத்தை விட்டு எழுந்தருளப் பண்ணி, எங்க வைக்கணும்னு சொல்றீங்களோ அங்கயே வச்சிடலாம். குருக்களைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் இடம் சொல்லச் சொன்னார். சனிக்கிழமை மரம் வெட்டு.

 இல்லாத அம்மனைப் பெரியப்பா உண்டாக்கினார். அவளை நம்புகிற ஒருத்தர் வந்து சேருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இப்போது அம்மன் போவாள், மரமும் போகும்.

புதன்கிழமை சாயங்காலம் நைனாவும் பெரியப்பாவும் வாசல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் போய் நின்றேன்.  

“மரம் போனாலும் பாரு போவாது. எப்டின்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

நைனா தலையைத் தூக்கினார். சொல்லு என்றார் பெரியப்பா.

“சும்மா சொல்ல மாட்டேன். நீதான் என்ன நிறுத்தின. நீயே என்ன பள்ளிக்கூடத்துக்கு இட்டுகினு போயி விடணும். அம்மா இல்ல, நைனா இல்ல. நீ.”

பெரியப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அம்மா அவரிடம் நேராகப் பேசியே நான் கேட்டதில்லை. அன்றும் நேராகப் பேசவில்லை. வாசல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அடிக்கட்டும். அடிச்சிட்டு அவரே வழி பாத்துக்கட்டும்.”

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. பெரியப்பா கடலைப் பார்த்துக் கை நீட்டி, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சத்தியம் செய்தார். எங்கள் ஆட்கள் கரையில் வாய் கூசாமல் பொய் சொல்லுவார்கள். கடலைப் பார்த்துச் செய்த சத்தியத்தை மீற மாட்டார்கள்.

அப்புறம்தான் சொன்னேன். மரம் முக்கியமில்லை, மரம் நிற்கிற கோடுதான் முக்கியம். புகைபோக்கியிலிருந்து மரம் வழியாகப் பாருக்குப் போகிற அதே கோட்டில் எங்கே எதை உயரமாக நட்டாலும், கடலிலிருந்து பார்க்க அது மரம்தான். ரோட்டில் நட்டால் பெயர்த்துவிடுவார்கள். நம் குப்பத்து மணலில் நடலாம். நைனா மணலில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அதன்மேல் மூன்று சிப்பி வைத்தார். ஒரு சிப்பியை எடுத்தார். கோடு அப்படியே இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஆனால் அங்கே திடீரென்று ஒரு கம்பம் நட்டால் எதற்கு என்று ஊரே கேட்குமே என்றார் பெரியப்பா.

“அதான் உன் ஆத்தா கீறாளே” என்றேன். “ஓவர்சியரு எங்க வெய்க்கணும்னு கேக்கறாரு. அங்க வெய்க்கச் சொல்லு. ஒரு கொடிமரமும் கேளு.”

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோஷம் இல்லை அது. வீட்டுக்குள் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர் பார்ப்பது மாதிரி.

மறுநாள் காலை அந்தக் கோடு மணலில் எங்கே விழுகிறது என்று தேடிப் பிடித்தேன். குப்பத்துக் குடிசைகளும் தென்னையும் இடையில் நின்றதால் மரமும் புகைபோக்கியும் சேர்ந்து தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வலை காயப்போடும் மணல்மேடு. டிரில் வகுப்பில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவளின் பின்னலைத் தவிர வேறு தலை தெரியக் கூடாது என்பாரே நம் டிரில் டீச்சர், அதைத்தான் செய்தேன். மேட்டில் ஒரு துடுப்பை நட்டு, பின்வாங்கிப் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். துடுப்புக்குப் பின்னால் மரத்தின் நடுத்தண்டு, அதற்குப் பின்னால் புகைபோக்கி. ஒரு விரற்கடை தெற்கே தள்ளினேன். பஞ்சு காற்றில் பறந்து வந்து இமையில் ஒட்டியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கரையில் ஒரு சாண் தப்பினால் பாருக்குப் போவதற்குள் அது நாலு பாகம், நாலு ஆள் கை விரித்த தூரம், ஆகிவிடும் என்று நைனா சொல்லியிருந்தார். வெயில் ஏறும்வரை அந்தத் துடுப்பை விட்டு நான் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை ஓவர்சியர் குருக்களோடு வந்தார். குப்பமே ரோட்டுக்கு வந்துவிட்டது. கற்பூரம் ஏற்றியதும் யாரும் எதிர்பாராமல் அம்மாவுக்குச் சாமி வந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. தலையை விரித்துக்கொண்டு சந்தில் இறங்கி ஓடினாள். கூட்டம் பின்னால் ஓடியது. மணல்மேட்டில், நான் நட்ட துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, “இங்கதான். ஒரு சாண் தள்ளி வெச்சாலும் இருக்க மாட்டேன்” என்றாள். அது நடிப்பா என்று பல தடவை கேட்டிருக்கிறேன். “போடி” என்பாள், அவ்வளவுதான்.

ஓவர்சியர் கண் கலங்கிவிட்டார். ரோட்டை அகலம் செய்யப் பிடுங்கிப் போட்டிருந்த பழைய இரும்புத் தந்திக் கம்பம் ஒன்றைக் கொடிமரத்துக்கென்று ஆட்களை வைத்துத் தூக்கி வரச் சொன்னார். அடியில் ஜல்லி போட்டு இறுக்கினார்கள். அவரே ஒரு கண்ணை மூடி, கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். கம்பத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மரத்தை வெட்டினார்கள். நான் போகவில்லை. கோடாரிச் சத்தம் வீட்டுக்கு வந்தது. விழுந்தபோது குடிசைக் கூரையில் தூசி உதிர்ந்தது. அன்று பகலெல்லாம் குப்பத்துக்குள் பஞ்சு பறந்தது. சோற்றில்கூட விழுந்தது.

ஞாயிறு அதிகாலையில் இரண்டு பேரும் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். தப்பாக இருந்தால் இனித் திருத்த மரம் இல்லை. பாரு போனது போனதுதான். நான் சொன்ன வழி பொய்த்தால் பெரியப்பாவின் சத்தியமும் செல்லாது, என் படிப்பும் அதோடு சரி. நான் மணல்மேட்டில் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அன்று கூடை எடுக்கவில்லை. எனக்குக் கொஞ்ச தூரத்தில் வந்து உட்கார்ந்தாள். 

வெயில் உச்சிக்கு வரும்போது திரும்பினார்கள். பெரியப்பா இறங்கி என்னைத் தாண்டி நடந்து போனார். நைனா வலைப்பையை என் முன்னால் கவிழ்த்தார். மணலில் சங்கரா சிவப்பு சிவப்பாகத் துள்ளியது. பக்கத்துக் கட்டுமரக்காரர் எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

“கடல்ல” என்றேன் நான்.

அந்த அம்மனுக்கு இப்போது கல் கோயில். கட்டியவர்கள் ஒரு வரலாறு அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஓவர்சியர் கனவில் அம்மன் வந்து, தந்திக் கம்பத்தோடு தன்னைக் கடலோரம் வைக்கச் சொன்னதாக அதில் இருக்கிறது. அதில் பெரியப்பா இருக்கிறார். குருக்கள் இருக்கிறார். நான் இல்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதும் ஒப்புக்கொண்டேன். ரோட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

மீன் கிடைத்த மறுநாள், திங்கட்கிழமை காலை, பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என் பையை அவரே வாங்கிக்கொண்டார். சந்து ஏறி ரோட்டுக்கு வந்ததும் தயங்கினார். மரம் இருந்த இடத்தில் மண் கிளறிக் கிடந்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் சட்டென்று ஓரம் ஒதுங்கினார். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தார். கடலிலிருந்து மொட்டைத் தலையாகத் தெரிகிற மரம் எது என்று கேட்டார். இதுதான் என்று காட்டினேன். அவர் அதைத் தாண்டி வந்திருந்தார். டோல்கேட் கல் தூணைத் தொட்டுப் பார்த்து இது என்ன என்றார்.

“தண்ணியிலேர்ந்து பாத்தா எல்லாம் உள்ளங்கையில கீற மாதிரி கீது. இங்க ஒண்ணும் வெளங்கல” என்றார்.

நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். கருங்கல் தொட்டி, எதிரில் தெரிந்த மிளகாய்க் கடைகள், எல்லாவற்றுக்கும் நான்தான் பெயர் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்றீர்கள். உடம்பு சரியில்லை என்று பெரியப்பா சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வெளியாரிடம் நிஜம் பேசி நான் கேட்டதே இல்லை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது.

“நாந்தாம்மா நிறுத்திட்டேன். எங்க வூட்டு விஷயத்த இவ வெளிய சொல்லிட்டான்னு நெனச்சேன். சொல்லல. சொல்ற பொண்ணு இல்ல இவ. பரீட்சைக்கு உட்கார வையிங்கோ.”

பெரிய டீச்சர் என்னை உள்ளே போகச் சொன்னார். வராந்தாவில் பெரியப்பா என் பக்கம் குனிந்து, எப்படித் திரும்பிப் போவது என்று மெதுவாகக் கேட்டார்.

“கடல சோத்தாங்கைப் பக்கம் வெச்சிகினு நட பெரீப்பா. வூடு வந்துரும்.”

தலையாட்டிவிட்டுப் போனார். நான் வகுப்புக்குள் வந்தேன். ஜன்னலோரம் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். உங்களில் ஒருத்திதான். யார் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

எழுந்திரு என்றேன்.